தாம்பாளத்தில் வெயில் காய்ந்த பந்து

காலை எட்டே காலுக்கு அது தொடங்கியது. அந்த நேரத்தில் நடந்தது இவ்வளவுதான்: திண்டிவனத்தில் ஒரு மைதானத்தில், புது வாலிபால் ஒன்றை எடுத்து ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்தார்கள்.

யாரும் விழவில்லை, யாரும் கத்தவில்லை. பந்தைச் சுற்றி ரோஜா இதழ் தூவினார்கள். ஓரமாக ஒரு எலுமிச்சம்பழம், சந்தனக் கிண்ணம், மடித்த பொன்னாடை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கூட செல்போனில் ஒரு படம் எடுத்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் பாசஞ்சர் ரயில் சிநேகிதிகளின் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். இதை எழுதி முடிக்காமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது. இப்போதும் தெருவில் பிள்ளைகள் பந்து தட்டுகிற சத்தம் கேட்டால் என் கை தானாக முகத்துக்கு முன்னால் போகிறது.

விருந்தினர் தொடாத பந்து

என் மகள் ஜெனி பிளஸ் ஒன் படிக்கிறாள். விழுப்புரத்துப் பெண்கள் அணியில் ஆடுகிறாள். அவளுக்கு மட்டும் வேறு நிறத்தில் பனியன். அந்தப் பனியன் போட்டவள் வலைக்கு மேலே எழும்பி அடிக்கக் கூடாது. எதிரி அடிப்பதை விழுந்து புரண்டு எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை. "வீட்ல ஒரு வேலை செய்ய மாட்டா, அங்க போயி ஊரான் அடிக்கிறதையெல்லாம் தூக்கறா" என்பார் என் கணவர்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்த நாட்கள். அதனால்தான் ஆட்டத்தை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நடுவர் சீக்கிரமே வந்து, குளிர்ச்சி இருக்கும்போதே புதுப் பந்துக்குக் காற்றடித்தார். அழுத்தம் பார்க்கிற சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தார். கட்டைவிரலால் அமுக்கியும் பார்த்துவிட்டு, "காத்து கரெக்ட்டா கீது" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த நேரத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

பரிசுக்கோப்பை வாங்கிக் கொடுத்த அரிசி மில்காரர்தான் சிறப்பு விருந்தினர். அவர் வந்து, தாம்பாளத்திலிருந்து பந்தை எடுத்து, முதல் சர்வீஸ் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

மணி ஒன்பது ஆனது. பத்து ஆனது. மைக்கில், "விருந்தினர் கூட்டேரிப்பட்டைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனத்துக்கு நடந்து வந்திருந்தால்கூட அவர் பாதித் தூரம் வந்திருப்பார்.

பந்தலின் நிழல் மெல்ல நகர்ந்தது. நாங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நிழலோடு நகர்ந்தோம். ஒரு குழந்தையைத் தொட்டிலோடு நகர்த்தினார்கள். மைக் செட்டை நகர்த்தினார்கள். தாம்பாளம் வைத்த மேசையை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. அது கேமராவுக்காக அந்த இடத்தில் போட்ட மேசை.

எங்கள் அணிப் பெண் ஒருத்தி அந்தப் பந்தை எடுத்துத் தட்டிப் பார்க்கக் கை நீட்டினாள்.

"ஏ பாப்பா, கை வெக்காத!" என்று ஓடி வந்தார் விழாக் குழுக்காரர். "சீஃப் கெஸ்ட்டு தொட்ட பெறகுதான் மத்தவங்க."

"அவரு எப்ப சார் வருவாரு?"

"தோ வந்துகினே கீறாரு."

பிள்ளைகள் பந்தலுக்கு அடியில் பழைய பந்துகளை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கை அந்தப் பழைய பந்துகளுக்குப் பழகியிருந்தது.

"அடேயப்பா, சுடுதே!"

கார் வந்து நின்றபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மில்காரர் நல்ல மனிதர். இறங்கும்போதே, "பேஜாராப் போச்சுங்க, கல்யாண ஊட்ல புடிச்சிக்கினாங்க" என்று எல்லாரிடமும் கைகூப்பினார். பந்தை எடுத்தவர் சட்டென்று கை மாற்றினார். "அடேயப்பா, சுடுதே! அடுப்புல வெச்சிருந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் அடித்த சர்வீஸ் வலையைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, பின்னால் நின்ற வேனின் மேல் போய் விழுந்தது. அதற்கும் கைதட்டினோம். அவருக்கே ஆச்சரியம். "இன்னும் கையில தெம்பு கீதுபா" என்றார்.

நேரமாகிவிட்டதால் ஆட்டத்தை உடனே தொடங்கினார்கள். காற்றை மறுபடி யாரும் பார்க்கவில்லை. காலையில்தான் பார்த்தாயிற்றே.

முதல் பந்திலேயே ஜெனிக்கு என்னமோ சரியில்லை. வழக்கமாக அவள் முன்கையில் பந்து பட்டால் சொன்ன பேச்சுக் கேட்டு மேலே எழும்பி, பக்கத்தில் நிற்பவளுக்குப் போகும். அன்று பட்டவுடன் துள்ளி எதிர்ப்பக்கம் போனது. அடுத்ததும் அப்படித்தான். அவள் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கைய தளத்துடீ ஜெனி! வெறப்பா வெக்காத!" என்று கத்தினார் அவர்களுடைய உடற்பயிற்சி ஆசிரியை வளர்மதி மேடம்.

எதிரணியில் கோட்டக்குப்பத்துப் பெண் ஒருத்தி, பெயர் ரிஸ்வானா. நல்ல உயரம். எழும்பி அடித்தாள். ஜெனி இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கினாள். எப்போதும் தூக்குகிற அதே வேகம், அதே இடம். பந்து அவள் விரல்கள் சேருவதற்குள் வந்துவிட்டது.

சத்தம் பெரிதாக இல்லை. அவள் அழவும் இல்லை. உட்கார்ந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "ம்மா, பொக மாதிரி தெரியுதும்மா" என்றாள்.

காபித் தம்ளரின் அடி

விழுப்புரத்துக் கண் மருத்துவமனைக்கு எப்படி வந்தோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றதும், பக்கத்து வண்டிக்காரர் வேர்க்கடலைப் பொட்டலம் உடைத்ததும் மட்டும் நினைவிருக்கிறது. ஜெனி ஒரு கையால் கண்ணையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்திருந்தாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழிக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு. காபி குடித்த தம்ளரின் அடியில் கொஞ்சம் டிகாஷன் தங்கி நிற்குமே, அதுபோல். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து அடியில் தேங்கியிருக்கிறது என்றார்.

"இது தானா வடிஞ்சிடும். ஆனா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறியிருக்குங்க. அது எறங்கணும். ஏறிக்கினே போச்சுன்னா நரம்பு போயிடும். அப்புறம், ரத்தம் மறைக்கறதால பின்னாடி விழித்திரை எப்படி இருக்குன்னு இப்ப பார்க்க முடியல. கிழிஞ்சிருந்தா ஆபரேஷன். விழித்திரை டாக்டர் வியாழக்கிழமை வருவாங்க. அதுவரைக்கும் தலையணைய ஒசரமா வெச்சி சாஞ்சே இருக்கணும். குனியக் கூடாது, ஓடக் கூடாது, போன் பார்க்கக் கூடாது."

கண்ணுக்கு அழுத்தம் உண்டு என்பதையே நான் அன்றுதான் அறிந்தேன். கண் ஒரு பந்து. அதற்குள்ளும் அளவான அழுத்தம் இருந்தால்தான் அது உருண்டையாக நிற்கும். காலையில் நடுவர் கட்டைவிரலால் பந்தை அமுக்கிய மாதிரியே, டாக்டரும் மூடிய இமைமேல் இரண்டு விரல் வைத்து மெல்ல அமுக்கிப் பார்த்தார். பிறகுதான் கருவி.

வியாழன் வரை எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைக்கு அந்தக் கண்ணில் பார்வை நிற்குமா, நிற்காதா. அதைச் சொல்ல யாரும் இல்லை.

"அது வேற பந்தும்மா"

மறுநாள் ஜெனி மூன்று தலையணைமேல் சாய்ந்து, கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடியோடு, விட்டத்தைப் பார்த்துக் கிடந்தாள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "வலிக்குதா? மங்கலா இருக்கா? தலை சுத்துதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ம்மா, நீ கேட்டுக் கேட்டே எனக்குத் தலை சுத்துது."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "அது வேற பந்தும்மா."

"புதுப் பந்து, அப்படித்தான் இருக்கும்."

"புதுசுன்னு இல்ல. கல்லு மாதிரி இருந்துச்சு. கைல பட்டதும் நிக்கவே இல்ல."

தோற்றவர்கள் சொல்லும் சாக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மில்காரர் கை மாற்றியதும், பந்து வேனின் மேல் போய் விழுந்ததும் ஞாபகம் வந்தது. அறுபது வயதுக்காரர் கையில் அவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்தது?

நான் வேலை பார்ப்பது திண்டிவனத்தில் ஒரு தனியார் விதை நிறுவனத்தில். எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதை எவ்வளவு முளைக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. அரை டிகிரி சூடு மாறினாலும் முளைப்புப் பெட்டி முன்னால் நின்று புலம்புவேன். ஆனால் பந்துக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒருநாளும் இல்லை என்று சொல்லக் கூடாது. எங்கள் கம்பெனிப் பையன்கள் சாப்பாட்டு இடைவேளையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒருமுறை ஒருவன் பந்தை விதைகள் வைக்கும் குளிர் அறையில் மறந்து வைத்துவிட்டான். மறுநாள் அதையே எடுத்து வீசினான். முட்டிக்கு மேல் வர வேண்டிய பந்து தரையோடு தரையாக ஊர்ந்து ஸ்டம்பைத் தட்டியது. அவுட்டானவர் எங்கள் ஸ்டோர் மேனேஜர்.

"டேய், செத்த பந்த போட்டு ஏமாத்தறியா?"

"சார், நேத்து நீங்க சிக்ஸ் அடிச்ச அதே பந்துதான் சார் இது."

"நேத்து உசுரோட இருந்துச்சுடா!"

சண்டை இரண்டு நாள் நடந்தது. அப்போது நான் சிரித்துவிட்டு சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டேன். ரப்பர் குளிர்ந்தால் விறைத்துப் போகும், தரையில் பட்டு அமுங்கிவிட்டுப் பழையபடி நிமிர அதற்கு மனசே வராது என்பதை இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்குவாஷ் என்று ஒரு ஆட்டம் இருக்கிறதாம். அதில் ஆடுவதற்கு முன்னால் பந்தைச் சுவரில் அடித்து அடித்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடங்குவார்களாம். குளிர்ந்த பந்து எழும்பவே எழும்பாதாம்.

கத்திரிக்காய்க்குப் பக்கத்தில்

வீட்டில் ஜெனியின் பழைய வாலிபால்கள் மூன்று கிடந்தன. ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, கத்திரிக்காய்க்குப் பக்கத்தில் ஒன்றை வைத்தேன். என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார், கோடை வகுப்பு இருப்பதால் அவருக்கு லீவு இல்லை. சாயங்காலம் வந்து தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா மேரி, நைட்டுக்கு இதுதான் கொழம்பா?"

"சும்மா இருங்க. ஒண்ணு பாக்கறேன்."

"பொண்ணு கண்ணக் கட்டிக்கினு கீறா, நீ பந்த ஜில்லுனு வெச்சிக்கினு கீற. நல்ல குடும்பம்."

குளிர்ந்த பந்தை எடுத்து, கதவின் மேல்நிலை உயரத்துக்குத் தூக்கித் தரையில் விட்டேன். இடுப்பு வரை வந்தது. கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போனது.

மறுநாள் அதே பந்தை, ஒரு காற்றும் கூட்டாமல், மொட்டைமாடியில் எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்து வெயில் காட்டினேன். எட்டே காலுக்கு வைத்து, உச்சி வெயிலில் எடுத்தேன். கை சுட்டது. துணியில் சுற்றிக் கீழே கொண்டு வந்தேன். அதே உயரத்திலிருந்து விட்டேன். பந்து என் விலாவைத் தாண்டி எழும்பியது.

"சத்தமே வேறம்மா!" என்று படுக்கையிலிருந்து கத்தினாள் ஜெனி. "நேத்து 'தொப்'புன்னுச்சு. இப்ப 'டங்'குனுது. இதேதான், அன்னிக்கும் இதே சத்தந்தான். இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். ஒரு கண் மூடிக் கிடந்தவள், மற்றதையும் மூடிக்கொண்டு காதால் பார்த்தாள். வெயில் பந்து, அறைக்குள் கிடந்த பந்து, ஃபிரிட்ஜில் வைத்திருந்த இன்னொரு பந்து என்று மூன்றையும் மாற்றி மாற்றி விட்டேன். ஒன்றைக்கூட அவள் தப்பாகச் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரம் இரண்டு பேரும் கண்ணை மறந்திருந்தோம்.

கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் பாதி ஏறி வந்து, "மேரி, மேல யாரு குதிக்கறது? எங்கூட்டு ஃபேன் ஆடுது" என்றார். அதோடு ஆராய்ச்சி முடிந்தது.

காரணம் பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததுதான். மூடிய இடத்தில் உள்ள காற்று சூடானால் அழுத்தம் கூடும். எனக்குப் புரியாமல் இருந்தது வேறு. வெயிலில் காற்று அப்படி என்ன பெரிதாகச் சூடாகிவிடும்? கொஞ்சம்தானே கூடும்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. நடுவரின் கருவி, பந்துக்குள் இருக்கிற மொத்த அழுத்தத்தைக் காட்டாது. வெளியே நம்மைச் சுற்றியுள்ள காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் காட்டும். வாலிபாலில் அந்தக் கூடுதல் மிகவும் கொஞ்சம். உள்ளே இருக்கும் காற்று முழுவதும் சூடாகும்போது, ஏறுகிற அழுத்தமெல்லாம் அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் போய் உட்காரும். மொத்தத்தில் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு ஏறினாலே, பந்தின் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும். காலையில் அளவாக இருந்தது மதியத்தில் கல்லாகிவிடுகிறது. ஒரு பொட்டுக் காற்றுக்கூட யாரும் சேர்க்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. யார்மேல் கோபப்படுவது? ரோஜா இதழ் தூவியவர்மேலா?

கோட்டக்குப்பத்திலிருந்து

புதன்கிழமை ரிஸ்வானாவும் அவள் அம்மாவும் பஸ் பிடித்து வந்தார்கள். அந்த அம்மாவின் கணவர் குவைத்தில் இருக்கிறார். பேரீச்சம்பழப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "அன்னிக்கிலேர்ந்து சோறே எறங்கலக்கா இவளுக்கு. ஒரு தடவ பாத்துட்டா சரியாவான்னு கூட்டியாந்தேன்" என்றார்.

ரிஸ்வானா வாசற்படியிலேயே நின்றாள். "நான் எப்பவும் அடிக்கிற அடிதான் ஆன்ட்டி. சத்தியமா. அது கைய வுட்டுப் பறந்துடுச்சு. என் உள்ளங்கையே ரெண்டு நாளு வீங்கிக் கெடந்துச்சு."

"எனக்குத் தெரியும்மா" என்றேன். உள்ளே கூட்டிப் போனேன்.

ஜெனி ஒற்றைக் கண்ணால் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தா, நீ பெரிய அடி அடிச்சிட்டன்னு நெனச்சிக்காத. அடிச்சது நீ இல்ல, வெயிலு."

"போடி. என் அடி எனக்குத் தெரியாதா?"

"வேணும்னா எங்கம்மாவ ஃபிரிட்ஜுல வெச்ச பந்தக் குடுக்கச் சொல்றேன். அத அடி பாப்போம்."

ரிஸ்வானா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் அம்மா என் கையை விடவே இல்லை.

அன்று மாலை வளர்மதி மேடத்துக்குப் போன் செய்து தாம்பாளக் கதையைச் சொன்னேன்.

"எல்லா டோர்னமென்ட்லயும் அப்படித்தானேங்க வெக்கறோம்" என்றார் அவர், மெதுவாக. "வெக்காம எப்படிங்க தொடங்கறது?"

"வைங்க. அது விருந்தினர் பந்தா இருக்கட்டும். ஆடற பந்து நிழல்ல இருக்கட்டும். ஆடறதுக்கு முன்னாடி காத்த இன்னொரு வாட்டி பாருங்க."

"பாக்கறேங்க" என்றார் வளர்மதி மேடம். பிறகு, "பொண்ணுக்கு நாளைக்கா?" என்றார்.

"நாளைக்குத்தான்."

வியாழக்கிழமை

பந்து ஏன் துள்ளியது என்று எனக்கு இப்போது தெரியும். அதைத் தெரிந்துகொண்டதால் என் கவலை ஒரு துளிகூடக் குறையவில்லை.

காலையில் டாக்டர் டார்ச் அடித்து, ரத்தம் வடிந்துவிட்டது என்றார். இனி உள்ளே பார்க்கலாம். விழித்திரை டாக்டர் சென்னையிலிருந்து வர வேண்டும். ஜெனிக்குக் கண்மணி விரிய மருந்து விட்டார்கள். வெளிச்சம் கூசி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெரியவர் ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் வேனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, உட்காராமல் தூணில் சாய்ந்து நின்றார். அன்று அவர் ஒரு கேலிகூடப் பேசவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

மதியம் தாண்டி, முதுகில் பையோடு ஒரு பெண் வேகமாகப் படியேறி வந்தார். ஜெனியைவிடக் கொஞ்சம்தான் பெரியவள் என்று நினைத்தேன். நர்ஸ் எழுந்து நின்றபோதுதான் அவர்தான் டாக்டர் என்று புரிந்தது. "மன்னிச்சிக்குங்க, டிரெயின் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே கை கழுவி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டறைக்குள் எங்களைக் கூப்பிட்டார்.

"மேல பாரு. கீழ பாரு. உன் காதப் பாரு. இந்தப் பக்கக் காது." ஒரு வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு, ஓரம் ஓரமாக விடாமல் துழாவினார். மறுபடி முதலிலிருந்து. இருட்டில் என் கணவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். பிறகு டாக்டர் அழுத்தம் பார்க்கிற கருவியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

விளக்கைப் போட்டார்.

"விழித்திரை நல்லா இருக்கு. எங்கயும் கிழியல. பிரஷரும் எறங்கிடுச்சு. பார்வ வந்துடும்."

ஜெனி உடனே, "எப்ப ஆடலாம் டாக்டர்?" என்றாள்.

"ஒரு மாசம் பந்த தொடாத. அப்புறம் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கினு ஆடு." அவர் நெற்றி விளக்கைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு. அடிபட்ட கண்ணுல பல வருஷம் கழிச்சிக்கூட, சத்தமில்லாம பிரஷர் ஏறும். வலிக்காது, தெரியாது. அதனால வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும். காலேஜ் போனாலும், கல்யாணம் ஆனாலும்."

"சரிங்க டாக்டர்."

டாக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்:

"நீ மறந்துடுவ. அவங்க மறக்க மாட்டாங்க."